என் காலடி பிரேக்

மார்ச் 3, செவ்வாய்

ஓட்டுநர் தேர்வில் என் மனைவி இரண்டாம் முறையும் தோற்றுவிட்டாள். சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்த்தான் கார் நின்றதாம். நானோ ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பயிற்றுநர். ஊரில் பாதிப் பேருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். இனி எப்படி வெளியே தலைகாட்டுவது? என்னோடு வரும்போது ஒருநாள்கூட அவள் இப்படிச் செய்ததில்லை. எல்லாம் பதற்றம்.

இந்த மாதத்துக்குள் உரிமம் வாங்காவிட்டால் புது மருத்துவமனையின் தலைமை நர்ஸ் வேலை கைநழுவிப் போய்விடும். அங்கே பஸ் கிடையாது.

மார்ச் 4, புதன்

திட்டம் தயார். காலையும் மாலையும் பயிற்சி, 27ஆம் தேதி மறுதேர்வு. இரவு ஜெபத்தில் எல்லாவற்றையும் ஆண்டவருக்கு விளக்கினேன்: இவளுக்குப் பதற்றம் போகவேண்டும், அதிகாரிக்கு நல்ல மனது வேண்டும், அன்றைக்கு மழை கூடாது.

பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தவள் கண்ணைத் திறந்தாள். "நீங்க அவர்கிட்ட கேக்குறீங்களா, அவருக்கு வேலை வைக்கிறீங்களா?"

ஆமென் சொல்வதற்குள் சண்டை.

மார்ச் 8, ஞாயிறு

சொந்தப் புத்தியையே நம்புகிறவர்கள் ஆண்டவரிடம் ஞானம் கேட்கவேண்டும் என்று போதகர் பிரசங்கித்தார். அவளை முழங்கையால் இடித்தேன். அதே நேரம் அவளும் என்னை இடித்தாள்.

மார்ச் 12, வியாழன்

கத்திவிட்டேன். நடு மைதானத்தில் காரை நிறுத்தி இறங்கிவிட்டாள். "எனக்கு வேலையும் வேணாம், உங்க காரும் வேணாம்." நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அந்த வேலைமேல் அவளுக்கு எவ்வளவு ஆசை! என்னத்தக் கத்துக்கொடுத்தேன் நான்?

கையில் எந்த யோசனையும் இல்லாமல் இன்றுதான் முதல் முறையாக முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, எனக்குத் தெரியல. நீரே சொல்லும்." வேறு பேச ஒன்றும் இல்லாததால் சும்மா இருந்தேன். எனக்கே புதிதாக இருந்தது.

மார்ச் 13, வெள்ளி

பதில் இல்லை.

மார்ச் 14, சனி

பதில் வந்துவிட்டது. அதுவும் என் மாணவர் வாயால்!

பயிற்சிக் காரில் ஆபத்துக்கென்று என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இன்று அந்த மாணவர், பேங்க்காரர், ஓட்டும்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது. நான்தான் மிதித்தேன்.

"ஏன் சார், பிரேக் போட மாட்டீங்களா?"

"அதான் நீங்க போட்டுருவீங்களே சார்."

இவருக்கே இப்படி என்றால், மனைவிக்கு? ஒவ்வொரு சாலைச் சந்திப்பிலும் அவள் மிதிப்பதற்குள் நான் மிதித்திருக்கிறேன். தேர்வில் அந்தக் கால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

"இதத்தான போன வருஷத்துல இருந்து சொல்றேன்!"

சொன்னாளாம்.

மார்ச் 16, திங்கள்

மன்னிப்புக் கேட்டு, கெஞ்சி, மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன கோலம் இது?"

"கீழ விட்டா கால் சும்மா இருக்காது."

அவள் ஓட்ட, மைதானத்துச் சுவர் கிட்டே வந்தது. இன்னும் கிட்டே வந்தது. ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர என் வாயில் எதுவும் வரவில்லை. என் ஜெபத்திலேயே உருப்படியானது அதுதான் என்று பிறகு சொன்னாள். கார் அழகாக நின்றது. நின்றபின் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

மார்ச் 27, வெள்ளி

தேறிவிட்டாள்!

அதிகாரி நல்ல மனிதரா என்று கேட்டேன். சரியான சிடுமூஞ்சியாம். மழையும் கொட்டித் தீர்த்தது. போகும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே பதற்றமாம். நான் ஆண்டவருக்கு விளக்கிச் சொன்னதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

அவள் வேலைக்குப் போகும் வழியில் என்னைப் பள்ளியில் இறக்கிவிடுகிறாள். எங்கள் சொந்தக் காரில் என் பக்கம் பிரேக் இல்லை. கால் மட்டும் இன்னும் விரிப்பை மிதிக்கிறது. அவள் கண்டுகொள்வதில்லை.

இன்று பாதி வழியில் முதலாளி போன் செய்தார். பக்கத்து ஊரில் கிளை திறக்கிறாராம், நான்தான் பொறுப்பாம். "சரின்னு சொல்லுங்க, வேலைய ஆரம்பிச்சிரலாம்."

நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"கேட்டுட்டுச் சொல்றேன் சார்."

"நீங்களா? யார்கிட்ட கேக்கணும், வீட்லயா?"

"வீட்லயும்."