காளான் சரம்

மாப்பிள்ளைக்கு,

பெண்ணும் மாப்பிள்ளையும் தாய்வீடு வரும் புத்தாண்டின் இரண்டாம் நாள் விருந்துக்குக் கோழி ஒதுக்கிவிட்டேன். "பொண்ணே போயிட்டா. மாப்பிள்ளைக் கோழி இனி யாருக்குடி?" என்று உங்கள் மாமா கேட்டார். "மாப்பிள்ளைக்குத்தான். உங்களுக்கு வேணும்னா கழுத்தும் காலும் தரேன்" என்றேன்.

இந்த யிச்சுன் ஊர்க் குளிருக்குக் கோழியை மெதுவாகத்தான் கொதிக்கவிட வேண்டும். அதில் போடும் காட்டுக் காளானை மகள் கடைசியாகப் பறித்துக் கோத்த சரம், மூன்று குளிர்காலமாக ஆணியில் தொங்குகிறது. நான் தொடவே இல்லை. இந்த முறை மொத்தத்தையும் ஊறவைக்கப் போகிறேன்.

நீங்கள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டதாக ஊரார் சொன்னார்கள். என்னிடம் சொல்ல ஏன் தயங்கினீர்கள் என்றும் புரிகிறது.

அந்தப் பெண்ணையும் அழைத்து வாருங்கள். சரம் தீர்ந்துவிட்டால், இலையுதிர்காலத்தில் காளான் பறிக்க என்னோடு காட்டுக்கு வர ஒருத்தி வேண்டாமா?

உங்கள் அத்தை