அட்டைப்பெட்டியும் அந்நிய முதலீடும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பசைக்காரரும் போய்விட்டார். பதினொரு பேரில் அவர் ஏழாவது. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து என் அட்டைப்பெட்டிகளுக்குப் பசை காய்ச்சியவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிற பேச்சை வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

பைபாஸ் சாலையில் அந்த வெளிநாட்டுக் கம்பெனி வந்து ஐந்து மாதம் ஆகிறது. துணி துவைக்கும் மெஷினுக்கு மோட்டார் செய்கிறார்கள். மோட்டார் எத்தனை வெளியே வருகிறதோ தெரியாது, என் ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருக்கிறார்கள். மீதி நாலு பேர். அதில் ஒருவன் என் தம்பி. அவனை வேறு யாரும் வேலைக்கு எடுக்க மாட்டார்கள், அந்த ஒரு தைரியம்தான்.

மார்ச் 5

தம்பியும் அங்கே விண்ணப்பம் போட்டிருக்கிறானாம்.

மார்ச் 9, ஞாயிறு

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவர் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறார். அந்நிய நேரடி முதலீட்டை இருபது வருடமாகக் கரும்பலகையில் மட்டுமே பார்த்தவர். அது இப்போது பஸ் போகிற தூரத்தில் வந்து இறங்கியதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாலே வகுப்புதான்.

"பங்குச் சந்தையில போட்ட காசுன்னா நாளைக்கே எடுத்துட்டு ஓடிடலாம். இது அப்படியில்ல. கட்டடம், மெஷின், ஆளுங்கன்னு வேர் விட்டுடும்" என்றார்.

"என் ஆளுங்க" என்றேன்.

"சரி, எதுக்கு இங்க வந்தாங்க? உலகத்துல வேற ஊரே இல்லையா?" என்று நான் கேட்டதற்கு விரலை மடக்கினார். துறைமுகம் பக்கம். ஐந்து வருடத்துக்கு வரிச் சலுகை. வாங்குவதற்கு ஜனம். நாலாவது விரலில், "அப்புறம், குறைஞ்ச கூலி" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பார்த்ததும் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. குறைந்த கூலி என்றால் யார்? நான்தானே! ஆறு வருடமாகக் கூலி ஏற்றவில்லை. அதைச் சாமர்த்தியம் என்று வேறு பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். என் கஞ்சத்தனம் கடல் தாண்டி எட்டி, அதை நம்பி ஒருத்தன் கப்பலில் மெஷின் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். வந்தவன் என்னைப் போல ஒன்றரை மடங்கு கொடுக்கிறான். அவனுக்கு அதுவே மலிவாம்.

வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. இவர் மேல்தான் காட்டினேன், பக்கத்தில் இருந்தது அவர்தானே.

மார்ச் 14

மாமியார் பின்னறையைக் காலி செய்யச் சொல்கிறார். என் அட்டைக் கட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. "அந்தக் கம்பெனி இன்ஜினியர் ஒருத்தன் ரூம் கேக்கறான்மா. நீ மாசம் என்ன குடுக்கறே?" நான் ஒன்றும் கொடுப்பதில்லை. "அதான் சொல்றேன்" என்றார்.

கட்டுகள் இப்போது எங்கள் படுக்கையறையில். முதலீடு வந்தால் வீட்டு வாடகை ஏறும் என்று இவர் நடத்தியிருக்கிறார். கட்டிலில் ஏற ஏணி வேண்டும் என்று நடத்தவில்லை.

மார்ச் 21, வெள்ளி

தம்பி நேர்முகத்தில் தோற்றுவிட்டான். ஆனால் வெறுங்கையோடு வரவில்லை, ஒரு சேதியோடு வந்தான். அங்கே மூன்று மணி நேரம் காக்க வைத்தார்களாம். சும்மா இருப்பானா, சுற்றிப் பார்த்திருக்கிறான். மோட்டார்கள் பெட்டி இல்லாமல் குவிந்து கிடக்கின்றனவாம். பெட்டி அவர்கள் நாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். வந்ததில் பாதி ஈரத்தில் ஊறிப்போய்விட்டது.

"கடல் தாண்டி வந்தவனுக்கு அட்டைப்பெட்டியும் கடல் தாண்டித்தான் வரணுமா? நாம கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

இவர் எழுந்தே நின்றுவிட்டார். "இதுதான் முக்கியம்! அவங்க உள்ளூர்ல சரக்கு வாங்கினாத்தான் நமக்கு லாபம். இல்லேன்னா வெறும் கூலியோட நின்னு போயிடும்."

முதல் தடவையாக அந்தப் பாடம் எனக்குப் பிடித்தது. உடனே விண்ணப்பம் எழுதச் சொன்னேன். நாலு பக்கம் எழுதினார். மூன்றைக் கிழித்துவிட்டு அனுப்பினேன்.

மார்ச் 28

பதில் வந்துவிட்டது! அடுத்த ஞாயிறு பட்டறையைப் பார்க்க வருகிறார்கள். குறைந்தது பத்து ஆட்கள் இருக்க வேண்டுமாம்.

கூடவே வந்த படிவத்தில் பத்து என்று போட்டுவிட்டேன். கை தானாக எழுதிவிட்டது. இது கிடைக்காவிட்டால் ஜூனில் பட்டறைக்குப் பூட்டுத்தான், அது எனக்கும் தம்பிக்கும் மட்டும் தெரியும்.

மார்ச் 30

ஞாயிறு கம்பெனிக்கு விடுமுறை. ஆகவே பழைய ஆட்களில் ஆறு பேரை ஒரே ஒரு நாள் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். பசைக்காரர் யோசித்தார். "வர்றவர் எங்க பேக்கிங் மேனேஜர்க்கா. ஆனா அங்க நாங்க தொப்பியும் முகமூடியும் போட்டுக்கிட்டுத்தான் இருப்போம். வெறும் மூஞ்சியை அவர் பாத்ததே இல்ல."

இவர் மட்டும், "இது மோசடி" என்றார்.

"உங்க பாடத்துல இருக்கா?"

"இல்ல."

"அப்ப சேத்துக்குங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது. எழுதித் தொலைக்கிறேன்.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். நெட்டையான மனிதர், கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண். ஆறு பேரும் பழைய சட்டையோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அடடா, என்ன வேலை! என்னிடம் இருந்தபோது ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. மேனேஜர் என் பெட்டிக்குள் ஒரு மோட்டாரை வைத்து, இடுப்பு உயரத்திலிருந்து மூலை மூலையாகக் கீழே போட்டார். பத்துத் தடவை. ஒவ்வொரு தடவையும் என் வயிற்றில்தான் விழுந்தது. பெட்டி கிழியவில்லை. அவர் தலையாட்டினார். நான் மூச்சு விட்டேன்.

அப்புறம் அந்த மனிதர் கையிலிருந்த தூசியைத் தட்டினார். இரண்டு தட்டு.

கம்பெனியில் தினமும் காலையில் இந்த மேனேஜர்தான் கைதட்டி உடற்பயிற்சி தொடங்கி வைப்பாராம். அது எனக்கு எப்படித் தெரியும்? தட்டியதும் ஆறு பேரும் போட்டது போட்டபடி ஓடி வந்து வரிசையாக நின்று, இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்கள். பசைக்காரர் கையில் பசை கிளறும் கட்டை வேறு. ஒருவரும் கையை இறக்கவில்லை. அடுத்த தட்டுக்குக் காத்திருந்தார்கள்.

கையும் களவுமாக என்பார்களே. இதில் கை பன்னிரண்டு.

மேனேஜர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு ஏதோ கேட்டார். "லீவு நாள்ல வர்றதுக்கு இவங்களுக்கு என்ன குடுத்தீங்கன்னு கேக்கறார்" என்றாள் அந்தப் பெண்.

"மத்தியானச் சாப்பாடு" என்றேன். பொய் சொல்லத் தெம்பு இல்லை.

பசைக்காரர் கையைத் தூக்கியபடியே சொன்னார். "அக்கா கூப்பிட்டாங்க. வந்தோம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும்.

மேனேஜர் பெட்டியை எடுத்து இன்னொரு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சொன்னதன் சுருக்கம்: பெட்டி பாஸ், ஆள் ஃபெயில். ஒரு மாதம் தவணை. அதற்குள் எங்கள் கம்பெனிப் பட்டியலில் இல்லாத பத்துப் பேர், உங்கள் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 9

பசைக்காரர் வீட்டுக்குப் போனேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை. கம்பெனிக் கூலியை அப்படியே தருகிறேன், திரும்பி வாருங்கள் என்றேன். அவர் உடனே சரி என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"காசு மட்டும் இல்லக்கா. அங்க உக்காந்து வேலை பாக்கறோம்."

"என்னது?"

"ஸ்டூல் இருக்கு. உங்ககிட்ட பதினோரு வருசமா நின்னுக்கிட்டேதானே..."

வரும் வழியெல்லாம் அதே யோசனை. நான் பட்டறையில் நின்றதே இல்லை. எனக்கு ஒரு நாற்காலி எப்போதும் இருந்தது. ஒரே ஒரு நாற்காலி. இது ஏன் என் கண்ணில் படவே இல்லை? யாரும் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்டேனா?

ஏப்ரல் 10

பன்னிரண்டு ஸ்டூல் வாங்கினேன். மாமியார், "கல்யாணமா?" என்று கேட்டார்.

மே 5, திங்கள்

பழையவர்கள் ஐந்து பேர் திரும்பிவிட்டார்கள், பசைக்காரர் உட்பட. மற்ற இருவரும் வரவில்லை, அங்கேயே நன்றாக இருக்கிறார்கள், இருக்கட்டும். புதிதாக ஒருத்தியைச் சேர்த்தேன். பத்து ஆயிற்று. மேனேஜர் வந்து எண்ணிப் பார்த்தார். முதல் லாரி இன்று போனது.

பட்டறைக்குப் பூட்டு இல்லை! லாரி தெருமுனை திரும்பும்வரை கைக்குட்டையை ஆட்டிக்கொண்டிருந்தேனாம். தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். வெட்கம் கெட்டவன், அவனும்தான் ஆட்டினான்.

ஜூன் 22

கூலி கொடுத்து, அட்டை வாங்கி, கரண்ட் கட்டி, கடைசியில் என் கைக்கு வருவது பசைக்காரருக்கு வருவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இவரிடம் புலம்பினேன். "பலன் பரவலாகியிருக்கு" என்றார். பரவியது எங்கிருந்து என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை, பிழைத்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் இவர் செய்தித்தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். பைபாஸுக்கு அந்தப் பக்கம் இன்னொரு வெளிநாட்டுக் கம்பெனி வருகிறதாம். முதலாவதைவிடப் பெரியது. ஏன் வருகிறது என்று விரலை மடக்க ஆரம்பித்தார். நாலாவது விரல்வரை நான் நிற்கவில்லை.

நேராகப் பட்டறைக்குப் போனேன். சேதி அங்கே இன்னும் எட்டவில்லை. எல்லாரையும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, இந்த மாதத்திலிருந்து கூலி ஏறுகிறது என்று அறிவித்தேன். பசைக்காரர் மெதுவாக எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார்.

"யாரும் ஒண்ணும் கேக்கலையேக்கா" என்றார். குரலில் நிஜமான கவலை. "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"