பதினேழாம் எண்ணின் அமைதி

மார்ச் 3, திங்கள்
இன்று ஆறு குழந்தைகளின் ரத்தம் வந்தது. பேர் கிடையாது, எண்தான். ஆறு பேருக்கும் பசும்பால் ஆகாது. செல்களைப் பிரித்து, சோதனைத் தட்டின் குழிகளில் விட்டு, பால் புரதம் சேர்த்தாயிற்று. பால் பட்டதும் சில செல்கள் குதியாய்க் குதிக்கும். அவற்றை அடக்கிவைக்கும் செல்கள் பெருகிவிட்டால், அலர்ஜி தானாக விட்டுப்போகும் என்கிறார் டாக்டரம்மா.

இன்னும் ஒரு வருஷம் இருந்திருந்தால் என் பாப்பாவுக்கும் அடங்கியிருக்குமோ? என்ன கேள்வி இது. போய்ப் பாத்திரத்தைத் தேய்.

மார்ச் 4
ஆறு பேரில் பதினேழாம் எண் மட்டும் பால் பட்டும் அமைதி. செத்த செல்லும் அமைதியாகத்தான் கிடக்கும். அதனால் பக்கத்துக் குழியில் அதே குழந்தையின் செல்களோடு எல்லாவற்றையும் உசுப்பிவிடும் மருந்தை விட்டிருந்தேன், அது கொந்தளித்தது. ஆக, செல்கள் உயிரோடுதான் இருக்கின்றன.

தோல் பரிசோதனை ரெண்டுங்கெட்டானாக இருந்ததால், டாக்டரம்மா இதைத்தான் நம்பியிருந்தார். "வெள்ளிக்கிழமை வரச்சொல்லுங்க. நம்ம கண்ணு முன்னாடியே பால் குடுத்துப் பாத்துடலாம்."

மார்ச் 5
மறுபடி அதே கனவு. என் காபியைக் கலக்கிய கரண்டியிலேயே பாப்பாவுக்கு மருந்து ஊற்றினேன். அவசரம். அவள் அழக்கூட இல்லை. தொண்டை அடைத்து, சத்தமே வரவில்லை. கண் மட்டும் என்னையே —

மார்ச் 6
ஒரு குழந்தைக்கு ஒரு குப்பி பால் புரதம். திங்களன்று ஆறு எடுத்து வைத்தேன். இன்று பார்த்தால் ஒன்று மூடி திறக்காமலே நிற்கிறது.

பதினேழுக்குப் பால் புரதத்துக்குப் பதில் வெறும் உப்புநீரை விட்டிருக்கிறேன்! மூன்று வருஷமாகவே பால் குப்பியைத் தொட்டால் கை கூசும். என்னைக் கேட்காமலே ஒதுங்கிவிட்டதா இந்தக் கை?

சொன்னா வேலை போயிடும். சொல்லலைன்னா... ஐயோ, இன்னொரு பிள்ளையா?

ஓடிப்போய்ச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா கத்தவில்லை. திறக்காத குப்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு, "ரத்தம் மிச்சம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"திரும்பப் போடுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்."

மார்ச் 7, வெள்ளி
பதினேழு குதித்தது. ஆறு பேரில் இதுதான் அதிகம்.

பால் கிடையாது என்றதும் அவன் அம்மாவுக்குக் கோபம். "கேக் வாங்கித் தர்றேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேங்க. இப்ப இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்?"

நாலு வயசுப் பையன். ஆஸ்பத்திரி வராண்டாவில் உருண்டு புரண்டு அழுதான். நர்ஸம்மா காதைப் பொத்திக்கொண்டு, "அப்பப்பா, என்ன தொண்டைடா இது!" என்றார்.

லிஃப்ட் மூடிய பிறகும் கீழேயிருந்து கேட்டது. ஓயும்வரை நின்று கேட்டேன்.