வண்டி வராத ஆற்றோர வழி

மாசி 3, ஞாயிறு

காலையில் பனி, பிறகு நல்ல வெயில். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் கூட்டம், கடையில் நிற்க இடமில்லை. கருவாடு பிற்பகலுக்குள் தீர்ந்துவிட்டது. அண்ணன் கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போயிருக்கிறார். எல்லாம் என் தலையில்.

சைக்கிளால் மறுபடி வம்பு. மணிச் சத்தத்துக்கு ஒரு மாடு மிரண்டு வண்டியைச் சாக்கடைக்குள் இறக்கிவிட்டது. வண்டிக்காரன் கத்தினான்: "பொம்பள சைக்கிள ஓட்டிக்கிட்டு ரோட்டுல வர்றீங்களே மொதலாளி, மாடு மெரளாம என்ன செய்யும்?" கடைத்தெருவே சிரித்தது.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரைசாணியின் சைக்கிள்தான். துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களோடு ஏலத்தில் வந்தது. நடுவில் குறுக்குக் கம்பி கிடையாது. பாவாடை சிக்காதிருக்கப் பின்சக்கரத்தில் வலை. இருந்தால் என்ன? ஓடுகிறது.

வண்டிப் பாதை இனி வேண்டாம். ஆற்றோரம் வழி உண்டா, பார்க்க வேண்டும்.

மாசி 4, திங்கள்

விடிந்ததும் கிளம்பி, கடை திறப்பதற்குள் திரும்பிவிட்டேன். பதுளை ஓயா ஆற்றை ஒட்டி ஹாலிஎலப் பக்கமாக. மறக்காமலிருக்க:

துணி வெளுக்கும் துறை வரை மணல். தள்ளத்தான் வேண்டும்.

பிறகு வயல் வரப்பு. அறுத்த வயலில் இறங்கி ஓட்டினால் இன்னும் சுகம்.

தாழம்புதருக்கு அப்பால் சதுப்பு. இறங்கி நடக்கவும். அட்டை உண்டு.

மருத மரங்கள். நல்ல நிழல். ஆறு அங்கே அகலம், சத்தமே இல்லை.

கடைசியில் ஒற்றை மரப்பாலம். அக்கரையில் சிங்களக் கிராமம். போகவில்லை.

வழி முழுக்க ஒரு மாட்டு வண்டி இல்லை. எருமைகள் உண்டு. மணியடித்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரு கிழவர் மட்டும் "மாத்தையா, நியர கடெனவா!" என்று கையை ஆட்டினார். வரப்பு உடைகிறதாம். இறங்கிக் கும்பிட்டேன். சிரித்துவிட்டார்.

தேத்தண்ணீர் கொடுக்கும்போது மதினி கேட்டார்: "அந்த வழியில நம்ம ஆளுங்க யாருமே இல்லையா தம்பி?"

"அறுப்புக்காரங்கதான் இருக்காங்க மதினி. நம்ம ஆளு ஒருத்தரும் இல்ல."

"பாலம் நல்லா இருக்கா?"

பாலத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே!

மாசி 5, செவ்வாய்

பல் வலி. கிராம்பு வைத்தேன். உப்பு மூட்டை நனைந்திருக்கிறது, யார் கவனக்குறைவோ.

மதினி அடுப்படியிலிருந்து, முகத்தைக் காட்டாமல்: "எனக்கும் அதச் சொல்லிக் குடுங்க."

"எத மதினி?"

"சைக்கிள."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. எதற்கு என்றேன். சும்மாதான் என்றார். அண்ணன் கேட்டால் என்றேன். "ஒங்க அண்ணன் வர நாளாகும்" என்றார்.

மதினி தோட்டத்துப் பெரிய கங்காணி வீட்டுப் பெண். இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் கோயிலுக்கும் கிணற்றடிக்கும் தவிர எங்கும் போனதில்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "சரி" என்றது என் வாய்.

மாசி 6, புதன்

பனி மறைவில், அறுத்த வயலில். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, மதினி சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு மிதித்தார். மூன்று தடவை விழுந்தார். மூன்றாவது தடவை வைக்கோல் போரில். எழுந்திருக்காமல் அங்கேயே கிடந்து சிரித்தார். இந்தச் சிரிப்பை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. என்னவோ போலிருந்தது.

(இங்கே இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன்.)

நான் செய்வது தப்பா சரியா? தப்பென்றால் எந்த இடத்தில்? விளங்கவில்லை.

பல் வலி தேவலை.

மாசி 8, வெள்ளி

இன்று பாலம் வரை போனோம். சமதரையில் அவர் ஓட்டினார், நான் கூடவே ஓடினேன். சதுப்பில் இருவரும் நடந்தோம். ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்திக்கொண்டே வந்தது. "இது வேற ஊரக் கூட்டுது" என்றார்.

மருத மரத்தடியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். அக்கரையில் இருப்பது அவர் தங்கை அஞ்சலை. தோட்டத்துக்குக் காய்கறி கொண்டுவரும் பண்டாவோடு போய்விட்டவள். அன்றே அவர்கள் அப்பா, செத்தவளுக்குச் செய்வதுபோல் தலை முழுகிவிட்டார். அவள் பெயர் இந்த வீட்டில் கேட்கக்கூடாது என்று அண்ணனும் சொல்லிவிட்டார். இது எனக்கும் தெரியும். தெரியாதது இது: கொல்லைப்புறம் வெற்றிலை விற்க வரும் சிங்களக் கிழவி பண்டாவின் அம்மா. அஞ்சலைக்கு இது நிறைமாதம் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள்.

"வண்டிப் பாதையில போனா அப்பா தோட்டத்தத் தாண்டணும். வண்டிக்காரங்க எல்லாருக்கும் நம்ம கடை தெரியும். நான் எந்த வழியில போவேன், சொல்லுங்க தம்பி?"

அப்போது புரிந்தது. வண்டி இல்லாத வழியை நான் தேடினேன். அவர் தேடியது கண் இல்லாத வழி.

பாலத்தில் ஒரு காலை வைத்தார். எடுத்துவிட்டார். "இன்னைக்கி வேணாம், போயிரலாம்." ஏன் என்று கேட்டால், "அவ என்னப் பாத்து சிரிச்சாலும் தாங்காது, அழுதாலும் தாங்காது." இவ்வளவு பாடுபட்டு வந்துவிட்டுத் திரும்புவதா? திரும்பினோம்.

மாசி 11, திங்கள்

எழுந்தால் மதினி இல்லை, சைக்கிளும் இல்லை. அடுப்பு மூட்டவில்லை. கொல்லையில் ஒரு வெற்றிலைக் கட்டு அவிழாமல் கிடந்தது. கிழவி வந்து போயிருக்கிறாள்.

ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஈர மண்ணில் சக்கரத் தடம். சதுப்பில்கூட இறங்காமல் ஓட்டியிருக்கிறார், ஓரிடத்தில் விழுந்த அடையாளம். பாலத்துக்கு இந்தப் பக்கம் மருத மரத்தில் சைக்கிள் சாய்ந்திருந்தது. மதினியின் செருப்பு ஒன்று மட்டும் சேற்றில்.

அக்கரை வீட்டுக்குள்ளிருந்து அலறல். பண்டா வாசலில் நின்று தன் கைகளைத் தானே பிசைந்துகொண்டிருந்தார். என்னைவிட இளையவர். என்னைக் கண்டதும் பயந்தார், அடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். பிறகு பாய் போட்டார். கருப்பட்டித் துண்டு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் கொஞ்சம், எனக்குத் தெரிந்த சிங்களம் கடைக் கணக்குக்கு உதவுவது. "நேத்து இருந்து" என்றார். "நேத்து இருந்து, ஐயா." அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

உள்ளே மதினியின் குரல்: "என் கையக் கடி. கடிடீ! நான் எங்கயும் போகல, இங்கதான் இருக்கேன்!"

வெயில் ஏறியது. சத்தம் நின்றது. இதுவரை எனக்கு இப்படிப் பயம் வந்ததில்லை. பண்டா என் தோளைப் பிடித்தார், நானும் அவர் தோளைப் பிடித்தேன். பிறகு சின்ன அழுகை. மருத்துவச்சி "துவெக்!" என்று கூவினாள். பெண்.

மதினி வெளியே வந்தார். முந்தானையில் ரத்தம், கையில் பல் தடம். என்னைப் பார்த்ததும் கோபம்: "நீங்க ஏன் வந்தீங்க? கடைய யாரு தொறக்குறது?" அடுத்த வார்த்தைக்குள் குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு பேரும் பொழச்சுக்கிட்டாங்க தம்பி."

குழந்தையைக் காட்டினார். எங்கள் வீட்டில் குழந்தை கிடையாது. அவர் அதை வைத்திருந்த விதத்தைப் பார்க்க முடியாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசி 13, புதன்

அண்ணன் வந்துவிட்டார். பண்டாரவளையில் ரயிலை விட்டு இறங்கி வண்டியில் வரும்போதே யாரோ சொல்லிவிட்டார்கள். கண் இல்லாத வழி என்று ஒன்று கிடையாது போல.

"நம்ம வீட்டுப் பொம்பள வயக்காட்டுல சைக்கிள் ஓட்டுனான்னு சொல்றானுங்களே, என்னடா அது?"

மதினிதான் பதில் சொன்னார். "நான்தான் ஓட்டுனேன். அஞ்சலையப் பாக்கப் போனேன். பொம்பளப் புள்ள பொறந்திருக்கு."

அந்தப் பெயர் வீட்டுக்குள் கேட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை. அண்ணன் கத்துவார் என்று பார்த்தேன். கத்தவில்லை. கால் கழுவினார், சாப்பிடாமல் படுத்துவிட்டார். கோபமா, களைப்பா, வேறெதுவுமா? இத்தனை வருடம் கூட இருந்தும் அண்ணன் முகம் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மாசி 14, வியாழன்

வெயிலே இல்லை. சீனி வந்தது, பருப்பு வரவில்லை.

அண்ணன் சைக்கிளைக் கடைவாசலில் நிறுத்தி விலை கூறச் சொன்னார். மத்தியானத்துக்குள் ஒரு தோட்டத்துக் கிளாக்கர் வாங்கிப் போய்விட்டார். அடுப்படிக்குப் போய், "வித்துட்டாங்க மதினி" என்றேன்.

மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "விக்கட்டும். நடந்தே போறேன். வழிதான் தெரிஞ்சு போச்சே."

அண்ணன் கடையில் இருந்தார். கேட்டிருக்கும்.

மாசி 15, வெள்ளி

விடிகாலை முதல் மழை. மதினி ஒரு துணி மூட்டையோடு கொல்லைப்புறமாகப் போனதைப் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். தடுக்கவில்லை. கடையைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் சாமான் கேட்டு நின்று, பதில் வராமல் போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"அந்த வரப்பு மழையில வழுக்குமாடா?"

"வழுக்கும்ண்ணே. தாழம்புதருக்கு அங்கிட்டு ரொம்ப மோசம்."

தலையாட்டினார். விற்பனைக்குத் தொங்கிய குடைகளில் பெரியதாக ஒன்றை எடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கிவிட்டார். மதினியைக் கூட்டிவரவா, அவரோடு கூடப் போகவா, நான் கேட்கவில்லை. துணி வெளுக்கும் துறையில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மட்டும் பின்னாலிருந்து கத்திச் சொன்னேன்.