செவலைக் காளையிடம் சொன்ன யோசனை

போடிக்கு முதல் ரயில் வந்த வருசம். ஊரே ரயில் பார்க்க ஓடியபோது, நாம் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரவர் காட்டில் நின்றோம், அண்ணே. இன்று காலை வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தது. காய்ந்த மண் நனைந்த வாடை அடித்ததும் உங்களோடு பேசவேண்டும் போலிருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்.

அந்த வருசந்தான் சர்க்கார் புதுத்தீர்வை போட்டது. தண்ணீரே ஏறாத என் மேட்டுக்காட்டை நஞ்சை என்றும், தளும்பி நிற்கும் உங்கள் பள்ளத்து வயலைப் புஞ்சை என்றும் மாற்றிப் பதிந்துவிட்டார்கள். சோளக்காட்டுக்கு நெல்வயல் தீர்வையை எப்படிக் கட்டுவது? கட்டாவிட்டால் ஏலம். என் அய்யா கல் பொறுக்கித் திருத்திய காடு அது.

வரப்புச் சண்டையில் நமக்குள் பேச்சில்லை. ஆனாலும் ஏர் ஓட்டிக்கொண்டே, என் காதில் விழும்படி உங்கள் காளையிடம் சொன்னீர்கள்: "ஏலே செவலை, தீர்வை கூடிப்போச்சுன்னு அழுதா யாரு கேப்பாக? தரம் தப்பு, நேர்ல வந்து பாருங்கன்னு மனுப் போடணும்லே."

நான் என் காளையிடம், "போட்டுருவோம்னு அவுககிட்டச் சொல்லுடா" என்றேன்.

வருசக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்தியில் மனுக் கொடுத்தேன். அதிகாரி வந்து மடையைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் உங்கள் வயலை நிறைத்து, என் காட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"இன்னைக்குத் தண்ணி கம்மியோ என்னமோ" என்று இழுத்தார் அதிகாரி.

நீங்கள் முன்னே வந்தீர்கள். மதினி உங்கள் துண்டைப் பிடித்து இழுத்தார். "சும்மா இருங்க. நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போடவா?"

"கம்மியில்ல சாமி. என் வயலு ரெண்டு போகமும் நெறையுது. எம்புட்டு நெறைஞ்சாலும் அந்த மேட்டுக்கு ஏறாது."

"உம்ம வயல் புஞ்சைன்னுல்ல இருக்கு?"

"மாத்தி எழுதிட்டாக சாமி. திருத்திக்கங்க."

என் காடு தப்பியது. உங்கள் தீர்வை ஏறியது. அன்று சாயங்காலம் உங்கள் வாசலில் வந்து நின்றேன். "வாங்க, எங்க தீர்வையக் கொறைக்கவும் ஒரு மனுப் போடுங்க!" என்று மதினி வெடித்தார். அப்புறம் அவரே கஞ்சி ஊற்றினார். நீங்கள் சிரித்தீர்கள், "இனி காளையத் தொந்தரவு பண்ண வேணாம்லே" என்றீர்கள்.

மேட்டுச் சோளத்தில் முதல் மரக்கால் இன்றும் உங்கள் வீட்டுக்குத்தான் போகிறது. அதிகாரி, மாற்றிப் பதிந்த கணக்குப்பிள்ளை, மடை திறந்தவர், நீங்கள், எல்லோரும் போய்விட்டீர்கள். இன்று வாய்க்காலுக்கு நான் போகுமுன்பே ஒருவர் வரப்பில் கம்பை ஊன்றி நின்று, போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க வீட்டுக்காரரு வாயால சொல்லி நஞ்சையான வயலு இது." அன்று துண்டைப் பிடித்து இழுத்தவர்தான். என்னோடு மிச்சமிருப்பது அவர் ஒருவர்தான், அண்ணே: உங்கள் செல்லத்தாயி.