வாய் பேசியதால் வந்த நோய் அல்ல

அக்கா,

இன்று காலை நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததுமே உன் ஞாபகம் வந்துவிட்டது. ஆய்வுக்கூடத் தட்டில் நாங்கள் வளர்க்கும் செல்கள் பொதுவாக அடக்கமானவை. பக்கத்துச் செல்லைத் தொட்டதும் வளர்வதை நிறுத்திக்கொள்ளும். ஏற்கெனவே கொஞ்சம் கெட்டுப்போன செல் ஒன்றிரண்டு நடுவே இருந்தாலும் சும்மாதான் கிடக்கும். 'தூண்டி' என்று நாங்கள் சொல்லும் ரசாயனத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார், சும்மா கிடந்தது தலையெடுக்கும். எல்லை பார்க்காமல் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். இன்று அப்படியொரு குவியலைப் பார்த்தேன்.

லிங்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நீ உதிரிப் பழம் பொறுக்கிய காலமெல்லாம் உன் கன்னத்தில் வெற்றிலையும் புகையிலையும் உருண்டையாக அடங்கியிருக்கும். வெயிலில் பசி தெரியாமலிருக்க உன்னோடு வேலை செய்த பெண்கள் எல்லோருமே அப்படித்தான். இடது கன்னத்தில் புண் வந்தபோது நீ விட்டாயா? புண்ணுக்கு ஓய்வு என்று வலது பக்கம் மாற்றிக்கொண்டாய். "அந்தப் பக்கம் லீவுல இருக்குடி" என்று சிரித்தாய். நான் உன்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவதற்குள் புற்று தாடைவரை போயிருந்தது.

தோட்டத்து ஜனங்கள் வேறு காரணம் கண்டுபிடித்தார்கள். களைக்கொல்லி மருந்து அடிக்கும் பெண்களுக்குக் கையுறை தராத, வேலையை மேற்பார்க்கும் மண்டோரை நீ ஆபீஸ் வாசலில் வைத்துக் கிழிகிழியென்று கிழித்தாயே, அந்த வாய்க்குச் சாமி கொடுத்த தண்டனையாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு, பாதி வாயோடு நீ கேட்டாய்: "அப்ப அந்த மண்டோருக்கு என்னா வந்துச்சாம்?"

நேற்று உன் திவசம். மம்பாவில் இருக்கும் நம் வீட்டில் படையல் போட்டேன். இறந்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்று நம் சித்தி இலையில் வெற்றிலை பாக்கோடு புகையிலையும் வைத்தார். வைத்த கையோடு, "நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. புகையிலையை எடுத்துக் குப்பையில் போட்டேன். படையலில் கை வைக்கலாமா என்று எல்லோரும் பதறினார்கள். பதறட்டும் என்று பேசினேன். செல்லுக்குக் காது கிடையாது, யார் யாரைத் திட்டினார்கள் என்று அதற்குத் தெரியாது. பாக்கும் புகையிலையும் செல்லைக் கெடுக்கவும் செய்யும், கெட்டதைத் தினம் தினம் தூண்டிவிடவும் செய்யும். ஆரம்பத்திலேயே தூண்டியை நிறுத்தினால் தட்டில் சில குவியல்கள் அடங்கிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். வாய்க்கும் அப்படியே நடக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஆறாத புண் இருந்தால் பக்கம் மாற்றாதீர்கள், டாக்டரிடம் போங்கள் என்றேன்.

"நீயும் அவளாட்டமே பேசுற. வாய அடக்கு லா, அவளுக்கு வந்தது ஒனக்கும் வரும்" என்றார் சித்தி.

"பேசுனதுக்கு வராது சித்தி. நீங்க வாயத் தொறங்க, நான் பாக்குறேன்."

முறைத்தார். பிறகு எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வீம்பில் திறந்தார். கன்னத்தின் உள்ளே, அவர் புகையிலை அடக்கும் இடத்தில், புற்றாக மாறக்கூடிய வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தது.

நாளைக் காலை அவரைச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். வரமாட்டேன் என்கிறார், என்னைத் திட்டுகிறார். திட்டட்டும். உன் வாய் எனக்கு இருக்கிறது அக்கா, விடமாட்டேன்.