சுவரொட்டியில் என் பெயர்

டுரெஸ், அல்பேனியா
4 மார்ச் 1981

அன்புள்ள அண்ணன் கோசிமோவுக்கு,

நானும் இலிரும் எங்கள் பெண்ணும் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். அம்மா படுத்த படுக்கையாகிவிட்டதாகக் கப்பல் சமையல்காரர் நிக்கோலா சொன்னார். அதை நீங்களே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

வர ஆசைதான். ஆனால் இத்தாலிக் கரையில் கால் வைத்ததும் நான் மறுபடி ஓரோன்சோவின் மனைவி. நீதிமன்றம் எனக்குக் கொடுத்த விவாகரத்தை எழுபத்துநாலில் ஓட்டுப் போட்டுச் செல்லாததாக்கினீர்கள். நாற்காலியோடு அம்மாவைத் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுப் போட வைத்ததும் நீங்கள்தான். இப்போது அவன் கையெழுத்து இல்லாமல் நான் திரும்பிக் கப்பல் ஏற முடியாது. போடுவானா? அவன் உடைத்த என் விலா எலும்பு இன்னும் வலிக்கிறது.

போன மாதம் ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு ஆசிரியை பெட்டியோடு வந்து இறங்கினாள். "உங்க ஊர்லயுமா?" என்றேன். "விவாகரத்து செல்லாதுங்கிற சட்டத்த மொதல்ல போட்டதே எங்க ஊர்தான்" என்றாள். இங்கே விவாகரத்து இன்னும் செல்லும் என்பதால் லண்டன்காரிகளும் வருகிறார்கள். "ஐரோப்பாவுல பாதிப் பொம்பளைங்க நம்ம தெருவுலதான் இருக்காங்க" என்று இலிர் சிரிக்கிறார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மா காலமானால், ஊர்ச் சுவர்களில் ஒட்டும் இரங்கல் சுவரொட்டியில் 'மகள் டோனாட்டா' என்று மட்டும் போடுங்கள். பக்கத்தில் அவன் பெயர் வேண்டாம்.

உங்கள் தங்கை,
டோனாட்டா


மொனோபொலி
2 ஏப்ரல் 1981

அன்புத் தங்கை டோனாட்டாவுக்கு,

மனதைத் தேற்றிக்கொள். 27ஆம் தேதி காலையில் அம்மா போய்விட்டாள். கடைசியில் கண்ணைத் திறந்து, "டோனாட்டா வந்துட்டாளா?" என்றாள். "வழியில இருக்காம்மா" என்றேன். அப்புறம் பேசவில்லை.

கோபப்படாமல் படி. சுவரொட்டியில் 'மகள் டோனாட்டா, கணவர் ஓரோன்சோவுடன்' என்றுதான் போட வேண்டியதாயிற்று. வேறு மாதிரி போடச் சட்டம் இடம் கொடுக்காதென்று அச்சகக்காரர் சொல்லிவிட்டார். என் நிலைமையையும் நினைத்துப் பார். என் மகள் ரோசெல்லாவுக்கு நல்ல இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் தெருவில் நின்று அதை வாசிக்காமலா இருப்பார்கள்?

ஓரோன்சோ சவப்பெட்டியைத் தோளில் சுமந்தான், குழந்தை மாதிரி அழுதான். "அவ வரட்டும், பழச நான் பேச மாட்டேன்" என்கிறான். உன் பெண்ணை அந்த அல்பேனியனிடமே விட்டுவிட்டுப் புறப்பட்டு வா. ஊர் மறந்துவிடும்.

உன் அண்ணன்,
கோசிமோ


டுரெஸ்
20 ஏப்ரல் 1981

கோசிமோ,

நிக்கோலா ஒரு சுவரொட்டியைக் கிழியாமல் உரித்துக்கொண்டு வந்து கொடுத்தார். மேசைமேல் விரித்து வைத்து வாசித்தேன். என் பெயரையும் ஓரோன்சோவின் பெயரையும் சேர்த்து அச்சில் பார்ப்பது கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு இதுதான்.

அச்சகக்காரரிடமும் அவர் விசாரித்திருக்கிறார். "சட்டமாவது ஒண்ணாவது! ரெண்டு விதமாவும் அச்சுக் கோத்துக் காட்டினேன். அண்ணன்காரர்தான் இத எடுத்தாரு" என்றாராம்.

ஊரே சேர்ந்து ஓட்டுப் போட்டதைப் பொறுத்துக்கொண்டேன். பாதி ஐரோப்பாவே அப்படிப் போட்டது, உங்களை மட்டும் என்ன சொல்வது என்று ஏழு வருடமாக மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தேன். இதை நீங்கள் தனியாக நின்று செய்திருக்கிறீர்கள். என்னால் ஆறவே முடியவில்லை.

அம்மாவிடம் நான் வழியில் இருப்பதாகச் சொன்னீர்களே, அந்தப் பொய்க்கு மட்டும் நன்றி. அதை நினைத்து ஒரு நாள் முழுக்க அழுதேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

ரோசெல்லாவின் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். என் முகவரியை நிக்கோலா மூலம் அவள் கையிலேயே சேர்த்துவிட்டேன். புருஷன் கை நீட்டினால் அவள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். நேராக இங்கே வரட்டும்.

டோனாட்டா